அடுத்த ஆசிரியரை உருவாக்குவது யார்?

வயதுவந்தோர் கல்வித் திட்டங்களைப் பற்றிய மதிப்பீடுகள், எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன, எத்தனை பேர் கையெழுத்திடக் கற்றனர், தலைக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்குகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. மையத்தை நடத்தியவர் எங்கிருந்து வந்தார், அவரை அந்தப் பணிக்கு ஆளாக்கியவர் யார், அவர் விலகும்போது தம் இடத்துக்கு இன்னொருவரை வளர்த்துவிட்டுப் போனாரா என்ற கேள்விகளை அவை அரிதாகவே எழுப்புகின்றன. குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கென்று ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் தேர்வு வாரியங்களும் பதவி உயர்வுப் பட்டியல்களும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. வயதுவந்தோர் கல்விக்குப் பெரும்பாலான நாடுகளில் அத்தகைய நிலையான ஏற்பாடு இல்லை. பள்ளி ஆசிரியர்களாகவோ தொழிற்சங்கத்தினராகவோ தேவாலய ஊழியர்களாகவோ கைத்தொழில் செய்பவர்களாகவோ இருந்துவிட்டு வாழ்வின் இடைவழியில் இத்துறைக்கு வந்து சேர்பவர்களே மிகுதி. அப்படி வந்தவர்கள் தலைவர்களாக வளர்ந்த வரலாற்றைத் தேடிப் பார்த்தால், அவர்கள் கற்ற பாடநூல்களையும் பெற்ற சான்றிதழ்களையும் விட, அவர்களை அடையாளம் கண்டு, பொறுப்பை ஒப்படைத்து, உடன் நின்ற ஒரு மனிதரே முன்னுக்கு வருகிறார்.

ஆங்கிலத்தில் மென்டார் எனப்படும் அந்த மனிதரை வழிகாட்டுநர் என்றும், அவர் செய்யும் பணியை வழிகாட்டல் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. பயிற்சி என்பது குறிப்பிட்ட திறனைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கற்றுத் தருவது. மேற்பார்வை என்பது ஒப்படைத்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது. வழிகாட்டல் இவ்விரண்டையும் தொட்டுச் சென்றாலும், அது ஒருவருடைய முழு வளர்ச்சியிலும் இன்னொருவர் பங்கேற்கும் நெடுங்கால உறவு. இந்த உறவை ஆராய்ந்த கேத்தி க்ராம் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1985-இல் வெளியிட்ட நூலில், வழிகாட்டுநர் இரு வகையில் உதவுவதாக விளக்கினார்: வாய்ப்புகளைப் பெற்றுத் தருதல், பிறர் கண்ணில் படச் செய்தல், சவாலான வேலையை ஒப்படைத்தல் முதலியவை ஒரு வகை, ஊக்கம் தருதல், ஆளை ஆளாக ஏற்றுக்கொள்ளுதல், தம் வாழ்வையே முன்மாதிரியாக வைத்தல் முதலியவை மற்றொரு வகை. இந்த உறவு தொடக்கம், வளர்ப்பு, பிரிவு, மறுவடிவம் என்ற நான்கு கட்டங்களைக் கடப்பதாகவும் அவர் கூறினார். க்ராம் ஆராய்ந்தது நிறுவன மேலாளர்களை. ஏறிச் செல்லப் பதவி ஏணியே இல்லாத வயதுவந்தோர் கல்வியில் இந்த உறவு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண வேறொரு களம் வேண்டும்.

அக்களம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1957-இல் ஒரே ஒரு வகுப்பாகத் தொடங்கி, 1970-க்குள் ஏறத்தாழ 900 மையங்களாகப் பரவிய குடியுரிமைப் பள்ளிகள் என்ற இயக்கம். கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தை ஊர்வலங்கள் வழியாகவும் மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகள் வழியாகவும் அறிந்த உலகம், அந்த ஊர்வலங்களுக்கு ஆட்களைத் தயார்ப்படுத்திய இந்த இரவுப் பள்ளிகளைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறது. அப்பள்ளிகளின் மூலவரான செப்டிமா பாயின்செட் கிளார்க், இருபதாம் நூற்றாண்டின் வயதுவந்தோர் கல்வியாளர்களுள் முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டியவர்.

தென் கரோலினாவின் 1895-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, வாக்காளராகப் பதிவுசெய்ய விரும்புபவர் அந்த அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்து எழுதிக் காட்ட வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவராக இருக்க வேண்டும். தேர்வு நடத்தும் வெள்ளை அதிகாரியின் விருப்பமே மதிப்பெண்ணாக இருந்த அந்த ஏற்பாட்டின் நோக்கம் வெளிப்படையானது. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளியை மறுத்துவிட்டு, அவர்கள் வளர்ந்த பின் படிப்பில்லை என்ற காரணம் காட்டி வாக்குரிமையையும் மறுக்க அது வழிசெய்தது. ஆகவே அங்கே எழுத்தறிவு என்பது தொடக்கத்திலிருந்தே அரசியல் உரிமையோடு பின்னிக் கிடந்தது.

கிளார்க் 1898-இல் சார்ல்ஸ்டன் நகரில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகளாகப் பிறந்தார். அந்நகரின் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களை அப்போது நியமிப்பதில்லை என்பதால், 1916-இல், பதினெட்டு வயதில், கடலோரத்தில் உள்ள ஜான்ஸ் தீவுக்கு ஆசிரியையாகச் சென்றார். ஆப்பிரிக்க மொழிகளின் சாயல் கொண்ட தனிப் பேச்சு வழக்குடைய அத்தீவில், அவரும் இன்னோர் ஆசிரியையும் 132 குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினர். கரும்பலகையோ போதிய நூல்களோ இல்லாத நிலையில், குழந்தைகள் சொன்ன கதைகளைப் பழைய காகிதப் பைகளில் எழுதி அவற்றையே வாசிக்கச் செய்தார். மாலையில் பெரியவர்களும் அவரைத் தேடி வந்தனர். தம் சங்கக் கூட்டங்களில் எழுந்து பேச விரும்பியவர்களும் குறிப்புகளைப் படிக்க விரும்பியவர்களும் அவர்களில் இருந்தனர். பின்னர் 1929 முதல் கொலம்பியா நகரில் பணியாற்றியபோது, மாநிலத்தின் வயதுவந்தோர் பள்ளிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த வில் லூ கிரே என்ற வெள்ளைப் பெண்மணி படைவீரர்களுக்காக நடத்திய எழுத்தறிவுத் திட்டத்தில் கிளார்க் பங்கேற்று, பெரியவர்களுக்குப் பெயரெழுதக் கற்பிக்கும் முறைகளை அங்கே அறிந்துகொண்டார். அவருடைய கற்பித்தல் அறிவு ஒரே இடத்தில் திரண்டதல்ல. நிற வேறுபாடு தாண்டிய பல கைகளிலிருந்து அது சேர்ந்தது.

1954 கோடையில் கிளார்க் முதன்முறையாகச் சென்ற இடம், டென்னஸி மாநில மலைப்பகுதியில் மான்ட்ஈகிள் ஊருக்கு அருகே இருந்த ஹைலாண்டர் மக்கள் பள்ளி. மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் 1932-இல் தொடங்கிய அப்பள்ளிக்குப் பின்னணியாக இருந்தது, டென்மார்க்கில் கிருண்ட்விக் என்ற சமயச் சிந்தனையாளரின் கருத்துகளால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மக்கள் பள்ளிகளின் மரபு. தேர்வும் பட்டமும் இல்லாமல், உழவர்கள் ஒன்றாகத் தங்கி, உரையாடிக் கற்கும் உறைவிடப் பள்ளிகள் அவை. ஹார்ட்டன் டென்மார்க் சென்று அவற்றை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியவர். சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள் ஆகியோரின் சங்கத் தலைவர்களை ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய பின், 1950-களில் அப்பள்ளி இன ஒதுக்கலை எதிர்க்கும் பணிக்குத் திரும்பியிருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு ஒரே கூரையின் கீழ் உறங்குவது தென் மாநிலங்களில் குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், ஹைலாண்டரில் அதுவே அன்றாட நடைமுறை. மனிதர்களைப் பார்க்கும் கல்வியாளருக்கு இரு பார்வைகள் ஒரே நேரத்தில் வேண்டும் என்று ஹார்ட்டன் கருதினார்: ஒரு பார்வை அவர்கள் இன்று நிற்கும் இடத்தின் மீதும், மற்றொன்று அவர்கள் சென்றடையக்கூடிய இடத்தின் மீதும் இருக்க வேண்டும். வழிகாட்டலைப் பற்றிய நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதன் சாரம் இதில் அடங்கிவிடுகிறது.

கிளார்க்கைத் தலைவராக்கிய நிகழ்வுகளுள் முக்கியமானது, அவருடைய தோல்வி ஒன்று. 1956-இல் தென் கரோலினா சட்டமன்றம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பில் அரசு ஊழியர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. தாம் உறுப்பினராக இருப்பதை மறைக்க மறுத்த கிளார்க், சுமார் 40 ஆண்டுகள் பார்த்த வேலையையும் அதற்குரிய ஓய்வூதியத்தையும் இழந்தார். சட்டத்தை எதிர்க்குமாறு கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்கு அவர் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். அதிகாரியை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் 11 பேர். வந்து நின்றவர்கள், அவரையும் சேர்த்து, ஐவர். பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்தபோது அவர் அந்த ஆசிரியர்களைக் கோழைகள் என்று பழிக்கவில்லை. அவர்கள் மனத்தளவில் ஆயத்தமாகாத ஒன்றுக்குள் அவர்களைத் தள்ள முயன்றது தம் பிழை என்றே கருதினார். மக்களை உள்ளிருந்து ஆயத்தப்படுத்தாமல் எந்தச் செயலுக்கும் அழைக்க முடியாது என்ற இந்தப் புரிதல், அவர் பின்னர் உருவாக்கிய பள்ளிகளின் அடித்தளமாயிற்று. கடிதம் எழுதி ஆள் திரட்டுவதிலிருந்து, ஒவ்வொருவரோடும் கூடவே நடந்து வளர்ப்பதற்கு அவர் மாறிய புள்ளி அதுவே.

வேலை இழந்த கிளார்க்கை ஹைலாண்டர் முழுநேரப் பணிக்கு எடுத்துக்கொண்டு, பயிலரங்குகளின் இயக்குநராக நியமித்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் அங்கே பயிலரங்குகளை நடத்தத் தொடங்கியிருந்தார். 1955 கோடையில் அத்தகைய ஒன்றில் கலந்துகொண்ட மான்ட்கோமரி நகரத் தையற்கலைஞர் ரோசா பார்க்ஸ், தொடக்கத்தில் வாய் திறக்கவே தயங்கியவர். கிளார்க் அவரை மெல்லப் பேச வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட்டுத் தர மறுத்ததால் பார்க்ஸ் கைதானதும், அதைத் தொடர்ந்து 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பும் உலகறிந்தவை. பார்க்ஸ் ஏற்கெனவே என்.ஏ.ஏ.சி.பி.யின் உழைப்பாளி என்பதால், ஒரு பயிலரங்கே அவரைப் போராளியாக்கியது என்று சொல்வது மிகை. ஆனால் அவருடைய தயக்கத்தைக் கவனித்து, பொறுமையாகக் காத்திருந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பது உண்மை.

முதல் குடியுரிமைப் பள்ளி ஜான்ஸ் தீவில் தோன்ற மூலகாரணம் ஈசா ஜென்கின்ஸ் என்ற விவசாயி. தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குச் செல்பவர்களைத் தம் பேருந்தில் ஏற்றிச் சென்ற அவர், வாக்காளர் பதிவுச் சட்டப் பகுதிகளைத் தட்டச்சு செய்து பயணிகளுக்குக் கொடுத்து, வழியெல்லாம் விளக்குவார். ஆலிஸ் வைன் என்ற பயணி அப்பகுதியைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பதிவும் பெற்றார்; ஆயினும் மனப்பாடத்தோடு நிற்காமல், உண்மையாகவே படிக்கக் கற்க வேண்டும் என்று விரும்பினார். இந்தத் தேவையை ஜென்கின்ஸ் 1954-இல் ஹைலாண்டருக்கு எடுத்துச் சென்றார். தீவில் முன்பே நடந்த எழுத்தறிவு வகுப்புகள் ஏன் வெறிச்சோடின என்பதை ஹார்ட்டன் அங்கே தங்கி விசாரித்தபோது, வளர்ந்த விவசாயிகளைச் சிறு குழந்தைகளின் மேசை நாற்காலிகளில் மடக்கி உட்கார வைத்ததும், குழந்தைகள் அவர்களை நீள்கால் பூச்சியின் பெயர் சொல்லிக் கேலி செய்ததும் தெரியவந்தன. கற்க மனமில்லாததால் அவர்கள் விலகவில்லை. மானம் போனதால் விலகினார்கள்.

வகுப்புக்கு இடம் தர உள்ளூர்ப் பள்ளி முதல்வரும் தேவாலயப் போதகரும் அஞ்சிப் பின்வாங்கியபோது, ஜென்கின்ஸின் சங்கம் ஹைலாண்டர் தந்த வட்டியில்லாக் கடனில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்க அறைகளில் வகுப்பு. உள்ளே பள்ளி நடப்பது வெள்ளையர் கண்ணில் படாதிருக்க இந்த ஏற்பாடு. ஆசிரியர் யார் என்பதே எஞ்சிய கேள்வி. சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர் வேண்டாம் என்பதில் ஹார்ட்டனும் கிளார்க்கும் ஒத்த கருத்துடையவர்கள். அத்தகையவர் பள்ளிக்கூடப் பழக்கத்தைப் பெரியவர்கள் மீது சுமத்துவார் என்பது ஒரு காரணம், மாநிலச் சம்பளத்தை நம்பியிருப்பவரை எளிதில் அச்சுறுத்தலாம் என்பது மற்றொரு காரணம். கிளார்க் தேர்ந்தெடுத்தவர் தம் உறவினர் பெர்னிஸ் ராபின்சன். அவர் அழகுநிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர், நியூயார்க்கில் சில காலம் வாழ்ந்துவிட்டு 1947-இல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பியவர். வாடிக்கையாளர்கள் அனைவரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் எந்த வெள்ளை முதலாளியும் அவர் பிழைப்பைப் பறிக்க முடியாது. ஊர்ச் செய்தி எல்லாம் வந்து கூடும் இடமாகவும் அழகுநிலையம் இருந்தது. தமக்குக் கற்பித்த அனுபவமே இல்லை என்று ராபின்சன் மறுத்தார். அந்த அனுபவமின்மையையே தகுதியாகக் கண்ட கிளார்க், விடாமல் வற்புறுத்தி அவரைச் சம்மதிக்க வைத்தார். தாம் தகுதியற்றவர் என்று ஒருவர் உண்மையாகவே நம்பும் வேளையில், அவரிடமுள்ள தகுதியை அவருக்கு முன்பே காணும் கண் வழிகாட்டுநருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1957 ஜனவரி 7 அன்று 14 பேருடன் முதல் வகுப்பு தொடங்கியது. தாம் ஆசிரியை அல்லர் என்றும், இங்கே எல்லோரும் சேர்ந்தே கற்கப்போவதாகவும், தாமும் அவர்களிடமிருந்து கற்க வேண்டியிருப்பதாகவும் ராபின்சன் முதல் நாளே கூறிவிட்டார். ஆசிரியைகளாக இருந்த உறவினர்களிடம் வாங்கி வந்த தொடக்கப் பள்ளிப் பாடநூல்கள் வளர்ந்தவர்களுக்குச் சிறிதும் பொருந்தாதவை என்று கண்டவுடன் அவற்றை ஒதுக்கி வைத்தார். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது வந்த பதில்களே பாடத்திட்டமாயின: பெயரெழுத வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைத் தாமே படிக்க வேண்டும், மணியார்டர் படிவத்தையும் அஞ்சல்வழிப் பொருள் பட்டியலின் ஆர்டர் தாளையும் நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து, எழுத்தின் வடிவம் கைக்குப் பழகும் வரை அதன் மேலேயே மீண்டும் மீண்டும் எழுதச் செய்தார். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். பெயரெழுதத் தெரியாதவர்கள் முன் அந்தப் பிரகடனத்தை வைக்கும் துணிவு பயிற்சிக் கையேட்டிலிருந்து வந்ததல்ல; அவர் 1955-இல் ஹைலாண்டரில் தாமே உணர்ந்த மரியாதையிலிருந்து வந்தது.

வகுப்பு நடந்த காலமெல்லாம் கிளார்க் வந்து பார்த்து, கேட்டு, யோசனை சொல்லி, பொருள் சேர்த்துக் கொடுத்தார். ஹார்ட்டன் வகுப்பறையில் தலையிடாமல் ஒதுங்கியே நின்றார். வெளியிலிருந்து வரும் நிபுணர் ஒருவர், அதிலும் வெள்ளையர் ஒருவர், உட்கார்ந்திருந்தால் கற்பவர்களின் நாவும் கற்பிப்பவரின் கையும் கட்டுண்டுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அருகில் இருப்பதும் விலகி நிற்பதும் வழிகாட்டலின் இரு பாதிகள். ராபின்சனுக்கு இரண்டும் கிடைத்தன. இந்த உறவு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. மக்களிடம் சென்று வாக்காளராகப் பதிவுசெய்யுங்கள் என்று சொன்னாலே போதும் என்ற அவசரம் ஹார்ட்டனுக்கு இருந்தது; படிக்கக் கற்றுக் கொடுத்து, அவர்கள் அச்சத்தைப் பேசித் தீர்த்த பின்பே அது நடக்கும் என்று கிளார்க் வாதிட்டார். இருவரும் குரல் உயர்த்தியே சண்டையிட்டதுண்டு, வென்றது கிளார்க்கின் வழி. தம்மிடம் பயின்றவர் தம்மைத் திருத்தும்போது அதை ஏற்கும் நிலை வழிகாட்டுநருக்கு வர வேண்டும். வராத இடங்களில் சீடர்கள் உருவாகலாம், தலைவர்கள் உருவாவதில்லை.

அடுத்த ஆண்டே வாட்மலா தீவு, எடிஸ்டோ தீவு, வடக்கு சார்ல்ஸ்டன் ஆகிய இடங்களில் வகுப்புகள் தோன்றின. வாட்மலாவில் ஜென்கின்ஸின் மகள் ஈத்தல் கிரிம்பால் பொறுப்பேற்றார். வடக்கு சார்ல்ஸ்டனில் இன்னோர் அழகுநிலையமே வகுப்பறையாயிற்று. கற்பிக்கத் தெரியாது என்று ஓராண்டுக்கு முன் மறுத்த ராபின்சன், இப்போது புதிய ஆசிரியர்களை வளர்ப்பவராக அந்த வகுப்புகளுக்குச் சென்றுவந்தார். கிளார்க் தம்மை எப்படி நடத்தினாரோ அப்படியே அவரும் அடுத்தவர்களை நடத்தினார் என்பதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. நல்ல ஆசிரியர் ஒருவரை உருவாக்குவது வழிகாட்டலின் முதல் பயன் மட்டுமே. அந்த ஆசிரியர் மற்றொருவரை உருவாக்கும்போதுதான் ஓர் இயக்கம் பிறக்கிறது.

பல்கலைக்கழகம் சார்ந்த வயதுவந்தோர் கல்வியிலும் இத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. 1926-இல் இத்துறையின் பொருளை விளக்கி நூலெழுதிய எட்வர்ட் லிண்ட்மன், 1930-களில் இளைஞராக இருந்த மால்கம் நோல்ஸுக்கு வழிகாட்டினார்; நோல்ஸ் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிரில் ஹூலிடம் பயின்று, பெரியவர்கள் கற்கும் முறை பற்றிய ஆண்ட்ரகாஜி என்ற கோட்பாட்டைப் பரப்பினார். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது பேராசிரியர்கள் பேராசிரியர்களை உருவாக்கிய சங்கிலி. ஜான்ஸ் தீவில் கோக்கப்பட்ட சங்கிலியோ, கூந்தல் அலங்கரிப்பவரையும் பேருந்து ஓட்டியவரையும் கல்வியாளர்களாக்கியது என்பதால், இன்று இத்துறையில் இருப்பவர்களுக்குப் பின்னதே நெருக்கமான பாடம்.

இயக்கம் பெரிதானபோது வந்த சிக்கலையும் மறைக்க முடியாது. டென்னஸி அரசு 1959-இல் ஹைலாண்டர் மீது காவல்துறைச் சோதனை நடத்தி, கிளார்க்கையும் கைது செய்து, 1961-இல் பள்ளியின் உரிமத்தைப் பறித்துச் சொத்துகளையும் கைப்பற்றியது. ஹார்ட்டன் அதே ஆண்டில் வேறு பெயரில் மையத்தை மீண்டும் பதிவுசெய்தார். குடியுரிமைப் பள்ளித் திட்டமோ கிங் தலைமையிலான தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுன்ட்டியில், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக முன்னொரு காலத்தில் தொடங்கப்பட்ட டார்செஸ்டர் அகாடமி வளாகத்தில், கிளார்க், டொரதி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோர் ஐந்து நாள் பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தினர். உரக்கத் தெளிவாகப் படிக்கவும் பலகையில் பிறர் புரிந்துகொள்ளும்படி எழுதவும் தெரிந்த, ஊர் மதிக்கும் ஆள் என்பதே அங்கே கேட்கப்பட்ட தகுதி. வங்கி அலுவலர் ஒருவரை வரவழைத்து, காசோலையில் தேதி எங்கே, பெயர் எங்கே, தொகையை எழுதிய பின் யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி எஞ்சிய இடத்தில் எப்படிக் கோடு இழுப்பது என்பதெல்லாம் கற்றுத் தரப்பட்டன. இவ்வாறு பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சமையலறைகளிலும் தேவாலயங்களிலும் மரத்தடிகளிலும் வகுப்புகள் நடத்தினர். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்து, வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காக 1962-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஃபேனி லூ ஹேமர், இந்தப் பயிற்சியின் வழியே வந்தவர். 1963 ஜூனில் சார்ல்ஸ்டன் பயிலரங்கிலிருந்து திரும்பும் வழியில் வினோனா ஊர்ச் சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்ட பின்பும் பின்வாங்காமல், நாடறிந்த தலைவரானார்.

ஆயினும் ஐந்து நாளில் ஒருவருக்கு முறைகளைக் கற்றுத் தரலாமே தவிர, கிளார்க் ராபின்சனோடு கழித்த மாதங்களை அதற்குள் அடக்க முடியாது. களத்துக்குச் சென்று புதிய ஆசிரியர்களைக் கண்டு பேசும் பணி தொடர்ந்த இடங்களில் வகுப்புகள் நிலைத்தன; ஆனால் அப்பணிக்கு ஆளும் பணமும் போதாமல் போவது பெரிய திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான துன்பம். இன்றும் ஒரு வாரப் பயிற்சி முகாம் நடத்தி, சான்றிதழும் புகைப்படமும் கொடுத்து அனுப்பிவிட்டு, தலைவர்களை உருவாக்கிவிட்டதாக அறிக்கை எழுதும் நிறுவனங்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். முகாம் முடிந்து ஊர் திரும்பியவரின் முதல் மாதத்தில், வகுப்புக்கு வந்தவர்கள் பாதியாகக் குறையும்போதும், உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இடையூறு செய்யும்போதும் அவர் யாரை அழைத்துப் பேசலாம் என்பதற்கு விடை இல்லையென்றால், முகாமில் செலவழித்ததில் பெரும்பகுதி வீணே.

வழிகாட்டலுக்கு இடம் தராத மனப்பான்மையையும் கிளார்க் சந்தித்தார். எல்லா ஊர்வலங்களுக்கும் கிங் ஒருவரே தலைமை தாங்குவதற்குப் பதிலாக, ஆங்காங்கே உள்ளவர்களைத் தலைவர்களாக வளர்த்து அவர்களிடம் பொறுப்பை விட வேண்டும் என்று அவர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் பணியாளர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது அவர்கள் சிரித்ததாக அவரே பின்னர் பதிவுசெய்துள்ளார். செயற்குழுவில் ஒரு பெண் ஏன் அமர்ந்திருக்கிறார் என்று கேட்டவர்களும் உண்டு. கிங்கின் மீது பெருமதிப்பு வைத்திருந்த கிளார்க், பெண்களைப் பற்றிய ஆண் தலைவர்களின் இந்தப் பார்வை இயக்கத்தின் பெருங்குறைகளுள் ஒன்று என்று முதுமையில் வெளிப்படையாகச் சொன்னார். வகுப்பறைகளில் பெண்களே பெரும்பாலும் கற்பித்து, பெண்களே பெரும்பாலும் கற்று, மேடையில் ஆண்களே பேசும் நிலை வயதுவந்தோர் கல்வியில் அமெரிக்காவோடு நிற்பதன்று. அடுத்த தலைவராக யாரை வளர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் தருணத்தில்தான் அந்த நிலை உடைபடவோ உறுதிப்படவோ செய்கிறது.

வழிகாட்டலைப் பேசுபவர்கள் அன்பையும் ஊக்கத்தையும் பேசுகிறார்கள். சோற்றையும் வாடகையையும் பேசுவதில்லை. ராபின்சன் துணிந்து நின்றதற்கு அவருடைய சொந்த அழகுநிலையம் காரணம். ஜென்கின்ஸ் துணிந்ததற்கு அவருடைய சொந்த நிலமும் பேருந்தும் காரணம். மாநிலச் சம்பளம் வாங்கிய நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் கிளார்க்கின் கடிதத்துக்குப் பதில் எழுதத் துணியாததற்கும் பிழைப்பே காரணம். 58 வயதில் வேலை இழந்த கிளார்க்குக்கு ஹைலாண்டர் அறிவுரை மட்டும் வழங்கியிருந்தால் குடியுரிமைப் பள்ளிகள் பிறந்திருக்குமா என்பது ஐயமே. அது அவருக்குச் சம்பளத்தோடு ஒரு பணியையும், அந்தப் பணியில் பிழை செய்யும் உரிமையையும் சேர்த்தே தந்தது. அவரிடமிருந்து பறிக்கப்பட்ட ஓய்வூதியத்தைத் தென் கரோலினா 1976-இல், அவருக்கு 78 வயதானபோதுதான் மீண்டும் வழங்க இசைந்தது. வயதுவந்தோர் கல்விக்கு நிதி ஒதுக்குபவர்கள் பாடநூலுக்கும் கட்டட வாடகைக்கும் தனித்தனித் தலைப்பு வைத்திருப்பதுபோல, அனுபவமுள்ள ஒருவர் புதியவர் ஒருவரோடு ஓராண்டு செலவழிக்கும் நேரத்துக்கும், உள்ளூர் அதிகாரத்தின் கோபத்துக்கு ஆளாகும் ஆசிரியர் பட்டினி கிடக்காமல் இருப்பதற்கும் தனித் தலைப்பு வைக்க வேண்டும். திட்டத்தில் பணம் குறையும்போது முதலில் வெட்டப்படும் செலவுகளாக இவ்விரண்டும் இருக்கும்வரை, நன்றாகத் தொடங்கிய மையங்கள் அவற்றைத் தொடங்கியவரோடு மூடப்பட்டுக்கொண்டே இருக்கும்.